மூன்றாவது உலக்கை

ஜெர்மன் சண்டைக் காலத்தில் வத்தல்மலையில் நாங்களெல்லாம் எலும்பும் தோலுமாக இருந்தோம். என் தோழி பொம்மக்கா மட்டும் பதின்மூன்று வயதில் பூசணிக்காய் மாதிரி இருந்தாள். நாங்கள் தின்ற களியைத்தான் அவளும் தின்றாள். சில உடம்பு அப்படி. சமதரையிலேயே இடறி விழுவாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை, மாவிடிக்க நிற்க வேண்டும் என்று. மாரியம்மன் மாவிளக்குக்குத் தினை இடிக்க, ஒரே உரலைச் சுற்றி மூன்று குமரிகள் நிற்பார்கள். உலக்கைகள் மோதினால் சகுனம் கெட்டது என்று மாவைக் கொட்டிவிடுவார்கள். அதனால் இடறி விழுகிற அவளை யாரும் சேர்க்கவில்லை.

அந்த வருஷம் நான், சின்னக்கா, ராமக்கா மூவரும் இடிப்பதாக இருந்தது. இடிக்கிற காலையில் ராமக்கா தூரமாகி வீட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டாள். வேறு பெண் இல்லை.

"நான் நிக்கறேன் அத்தே," என்றாள் பொம்மக்கா, என் அம்மாவிடம்.

"உங்காலே உம்பேச்சக் கேக்காது. உலக்கை கேக்குமாடி?"

"காலப் பாத்தாத்தான் இடறுது. பாக்காம இடிக்கறேன்."

கண்ணை மூடிக்கொண்டு, 'ஸூ' என்று மூச்சு விட்டு உலக்கையைப் போட்டாள். அந்த மூச்சுக்கே நானும் சின்னக்காவும் மாறி மாறிப் போட்டோம். பனியோடு மாவும் பறந்ததில் என் கையே எனக்குத் தெரியவில்லை. கிணற்றில் மிதக்கிற குடம்போல அவள் உடம்பு மங்கலாக அசைந்தது. நான் தரையில் நிற்கிறேனா என்றே சந்தேகமாக இருந்தது. உலக்கைகள் உரசக்கூட இல்லை.

மாவை அள்ளியதும் கண்ணைத் திறந்து நடந்தாள். வாசற்படியில் இடறி விழுந்தாள்.

"மாவு சிந்திருச்சா?" என்றாள், விழுந்த இடத்திலிருந்தே.

"மாவு எங்கையில இருக்குதுடி, பூசணி," என்றேன்.

படுத்தபடியே சிரித்தாள்.

அடுத்த வருஷம் ராமக்கா சும்மாதான் இருந்தாள். அம்மா பொம்மக்காவைத்தான் கூப்பிட்டாள்.