ஹர்மவாராவின் ஒரே நிலநடுக்கம்

ஹர்மவாராவுக்குப் புதிதாக வருகிற எவரும் முதலில் சந்திப்பது யால்மரியைத்தான். பேருந்து நிற்கிற இடத்துக்கு எதிர்வீடு அவருடையது. பெட்டியைக் கீழே வைப்பதற்குள் காபிக்குக் கூப்பிடுவார். காபி ஆறுவதற்குள் நிலநடுக்கக் கதை வந்துவிடும். ஃபின்லாந்தின் இந்தக் காட்டுப் பக்கத்தில் ஆட்கள் அவ்வளவாக வாய் திறப்பதில்லை. அந்தக் குறையை யால்மரி ஒற்றை ஆளாகத் தீர்த்துவைத்தார்.

அவருக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஒரு குளிர்காலத்தில் பூமி பீரங்கி மாதிரி முழங்கியதாம். வீடு குலுங்கியது. அலமாரியிலிருந்து விழுந்த கோப்பைக்குக் காது போயிற்று. பயந்துபோன பசு ஒரு வாரம் பால் கொடுக்கவில்லை. அவருக்கு வயது ஏற ஏற அந்த ஒரு வாரமும் வளர்ந்து ஒரு மாதமாகிவிட்டது. விருந்தாளிக்குக் காபி அந்தக் காதில்லாத கோப்பையில்தான்.

எண்பதுகளின் கடைசியில், நாட்டின் அணுக்கழிவைப் பூமிக்குள் வைக்க இடம் தேடி நிலவியல்காரர்கள் வந்தார்கள். லட்சம் வருஷத்துக்கு அசையாத பாறை வேண்டும் அவர்களுக்கு. "கரண்டு அவனுங்களுக்கு, குப்பை நமக்கா?" என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனால் மர ஆலை மூடிய ஊரில் பள்ளிக்கூடமும் மூடப்போகிற நிலை. அங்கே சமையல் யால்மரியின் மனைவி ஹில்க்கா. இந்த வேலை வந்தால் குடும்பங்கள் வரும், பிள்ளைகள் வருவார்கள், அவள் அடுப்பு அணையாது.

"யால்மரி, மீனைப் பத்திப் பேசு, கொசுவைப் பத்திப் பேசு. நிலம் ஆடுச்சுன்னு மட்டும் வாயைத் திறந்தே, அப்புறம் உனக்குக் காபியே கிடையாது" என்றாள் ஹில்க்கா.

"நடந்ததைத்தானே சொல்றேன்?"

"நடந்தது உனக்கு. வேலை போகப்போறது எனக்கு."

காதில்லாத கோப்பை மாவு டப்பாவுக்குப் பின்னால் போனது. மனிதர் மீனைப் பற்றிப் பேசினார். கொசுவைப் பற்றிப் பேசினார். நாக்கில் கொப்புளம் வந்தவர் மாதிரி திணறிப் பேசினார்.

பாறையில் துளையிட்டுச் சோதிக்கும் வேலை முடிந்த சனிக்கிழமை, நிலவியல் குழுவின் தலைவரான ரெய்யோவை யால்மரி தன் வீட்டு சௌனாவுக்கு, அதாவது நீராவிக் குளியலுக்கு, அழைத்தார். இருவரும் துணியில்லாமல் பலகையில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார்கள். ரெய்யோ மனசாரப் பாராட்டினார்:

"எத்தனையோ ஊர் பாத்துட்டேன் யால்மரி. இவ்வளவு சப்புன்னு ஒரு ஊரைப் பாத்ததே இல்ல. இங்க எதுவுமே நடந்ததில்ல!"

யால்மரி சூடான கல்லில் ஒரு அகப்பைத் தண்ணீரை வீசினார். நீராவி சீறியது. கூடவே கதையும், பீரங்கி, கோப்பை, பசு, ஒன்று விடாமல். வெளியே துண்டு கொண்டுவந்த ஹில்க்கா அப்படியே நின்றுவிட்டாள்.

"அன்னைக்குக் குளிர் எப்படி?" என்றார் ரெய்யோ.

"திடீர்னு மைனஸ் முப்பத்தஞ்சு."

"தரையில பனி?"

"அந்த வருஷம் லேட்டு. வெறும் தரைதான்."

ரெய்யோ சிரித்துவிட்டார். "அது நிலநடுக்கமே இல்லய்யா! ஈர மண்ணு உறைஞ்சு விரிஞ்சு படார்னு வெடிச்சிருக்கு. ஓராள் ஆழத்துக்குக் கீழ ஒண்ணும் ஆகியிருக்காது. நமக்கு வேண்டிய பாறை அரைக் கிலோமீட்டர் ஆழத்துல, அது பாட்டுக்குத் தூங்கிட்டு இருந்திருக்கும்."

கதவுக்கு வெளியே ஹில்க்கா மூச்சு விட்டாள். உள்ளே யால்மரிக்கு மூச்சு நின்றது.

"அப்போ பசு?"

"சத்தத்துல பயந்திருக்கும்."

"ரெய்யோ, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," யால்மரி குரலைத் தாழ்த்தினார். "நிலநடுக்கம்னே எழுதிக்கோங்களேன்!"

"ஐயோ, அடப்பாவி மனுஷா!" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

ரெய்யோ அப்படி எழுதவில்லை. பாறை நல்ல பாறை என்றுதான் எழுதினார். ஆனாலும் கடைசியில் தேர்வானது அணு உலைக்குப் பக்கத்திலேயே இருந்த வேறோர் ஊர். கழிவை நெடுந்தூரம் கொண்டுபோக வேண்டாம் பாருங்கள். இரண்டே வருஷத்தில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். ஹில்க்கா தன் கையாலேயே அங்கே அடுப்பை அணைத்தாள். பிறகு பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் சமைக்கப் போனாள்.

சௌனாவில் சொன்ன கதை வெளியே கசிந்து, ஊர் யால்மரியின் வாயைத்தான் பழித்தது. ஹில்க்கா கடை கடையாக நின்று, "பாறை பாஸாயிடுச்சு, இவரால ஒண்ணும் கெடல" என்று எடுத்துச் சொன்னாள். யால்மரியோ அவள் கையைப் பிடித்து இழுத்தார். நிலநடுக்கம் கைவிட்டுப் போனவருக்கு இந்தப் பழி லேசில் விடக்கூடிய சமாச்சாரமா? "நாட்டோட அணுக்கழிவையே ஒத்த வாயால திருப்பி அனுப்பினவன் நான்" என்று வருகிறவர்களிடம் தொடங்கிவிட்டார்.

இப்போது அவருக்கு எழுபத்தெட்டு. அதே வீட்டில் ஹில்க்காவோடு இருக்கிறார். காது மந்தம், வாய்க்குக் குறைவில்லை. விருந்தாளிக்குக் காபி இன்னமும் அந்தக் காதில்லாத கோப்பையில்தான்.