நோர்மமத் தேடிய ஒயர்

உஸ்பெகிஸ்தானின் தெற்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் தெர்மெஸ் நகரத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. நம்பிக்கைக்குத்தான் பஞ்சம். எதிர்வீட்டு நோர்மமத் அண்ணனிடம் அது மருந்துக்கும் கிடையாது. ஒரு கடையில் தர்பூசணி வாங்கினால் அடுத்த கடைக்காரனிடம் தட்டிப் பார்க்கச் சொல்வார்.

அவர் மனைவி பஹ்ரி அக்கா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. உடம்பில் சூடு ஏறினால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோடை மத்தியானங்களில் கரண்ட் போய்விடும். அக்காவுக்கு மின்விசிறி ஓட வேண்டுமே என்றுதான் அந்த மனிதர் துணிந்து கூரையில் சோலார் பலகை மாட்டினார். வசந்தம் முழுக்க நன்றாக ஓடிய விசிறி கோடையில் முனகத் தொடங்கி, கடைசியில் நின்றே போனது.

"வெயில் குறையல, கரண்ட் மட்டும் குறையுது. எவளோ ஒயர் போட்டு இழுக்குறா," என்றார் என்னிடம்.

எவளோ என்றால் பக்கத்து வீட்டு விதவை குமுரி. ஊரே இருட்டாக இருந்தபோது அவள் சமையலறையில் விளக்கு எரிந்ததாம். அது பழைய கார் பேட்டரியில் எரிவது என்றேன்.

"உனக்கு எவ்வளவு குடுத்தா?" என்று கேட்டார்.

அதற்குமேல் நான் வாயைத் திறப்பேனா? குமுரியோடும் பேச்சை நிறுத்தினார். அவள் வந்து தட்டினாலும் கதவைத் திறக்கவில்லை.

ஒயரைப் பிடிக்கக் கூரைக்கு ஏற வேண்டும். ஏறினால் குமுரியின் முற்றம் தெரியும். உள்ளே போங்கள் என்று பெண்களுக்குக் குரல் கொடுக்காமல் எங்கள் தெருவில் எந்த ஆணும் கூரை ஏறமாட்டான். குரல் கொடுத்தால் அந்தத் திருடி ஒயரைச் சுருட்டிவிடுவாளே. இந்த யோசனையிலேயே பாதிக் கோடை போயிற்று.

ஒரு மத்தியானம் பஹ்ரி அக்காவுக்கு மூச்சு இரைத்தது, பேச்சு குழறியது. அண்ணன் முற்றத்துக்கு ஓடினார். ஏணியைச் சாத்திக் கத்தினார்: "கூரைக்கு ஏறுறேன்."

"அப்பாடா, ஏறுங்கண்ணே," என்று சுவருக்கு அப்பாலிருந்து குமுரி சொன்னாள். "கையோட துடைப்பமும் துணியும் கொண்டு போங்க."

"அது எதுக்கு?"

"தெக்கத்திக் காத்துல பலகை பூரா மண்ணாக் கெடக்கு. எங்க முத்தத்துல இருந்து பாத்தாலே தெரியுது. சொல்ல வந்தா நீங்க எங்க கதவைத் தெறக்குறீங்க?"

மேலே ஒயர் ஏதும் இல்லை. கண்ணாடி தெரியாத அளவுக்கு மண் இருந்தது. அண்ணன் கூட்டினார், துடைத்தார், குமுரியின் முற்றத்துப் பக்கம் திரும்பவே இல்லை.

கீழே வந்தபோது விசிறி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பஹ்ரி அக்கா கண்ணைத் திறந்தாள்.

"திருடினது யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது." மீசையில் இருந்த மண்ணைத் தட்டினார். "நம்ம வீட்டு ஆளுதான்."

"எனக்கு மொதல்லயே சந்தேகம்," என்றாள் அக்கா.