எண்ணெய் என்றால் எந்த எண்ணெய்?

போன கிழமை பக்கத்து வீட்டு அருள் அண்ணனிடம் புல்லு வெட்டும் மெசினை இரவல் வாங்கினேன்.

தரும்போதே தெளிவாகச் சொன்னார். “தம்பி, பழைய எண்ணெய வடிச்சிட்டன். புது எண்ணெய் ஊத்திப்போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.”

பெற்றோல் செட்டில் வாகனத்துக்கு அடிப்பதும் நமக்கு எண்ணெய்தானே! டாங்கி நிறையப் பெற்றோல் ஊற்றினேன். பாதி முற்றம் வெட்டுவதற்குள் மெசின் கத்திக்கொண்டு இறுகி நின்றுவிட்டது.

இன்று இருவரும் அதை ஏறாவூருக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் நானா திறந்து பார்த்தார்.

“எஞ்சினுக்குள்ள ஒரு சொட்டு ஒயில் இல்ல. ஆரு இப்பிடி ஓட்டின?”

அப்போதுதான் அண்ணன் சொன்ன எண்ணெய் எதுவென்று எனக்கு விளங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“தம்பியில பிழையில்ல நானா. ஒயில வடிச்ச நான்தான் சொல்ல மறந்திட்டன். இப்ப எனக்கு மறதி கூடிப்போச்சு.”

“இல்ல, நீங்க சொன்னீங்க” என்று நான் திருத்தவில்லை. வரும் வழியில் அவர் வாங்கித் தந்த பிளேன்டீயையும் குடித்தேன். வாசலில் இறங்கும்போது, “குறை நினைக்காதீங்க தம்பி” என்று மன்னிப்பு வேறு கேட்டார்.

அவருக்கு முகநூல் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அவருடைய மகள் இங்கே இருக்கிறாள்.

பிள்ள, அப்பாட்ட நீயே சொல்லிரும்மா.