நான் மாற்றாத எண்

ஒரு காதில் மட்டும் கேட்கிற ஹெட்போன் அது. உடைந்த வளைவில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். கடலூரில் என் மனைவியின் அண்ணன் அதை மாட்டிக்கொண்டுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். மச்சானுக்குக் கண் பார்வை கிடையாது. திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துச் சொல்லும் லினக்ஸ் இயங்குதளத்தை நான்தான் போட்டுக் கொடுத்தேன். "என் கண்ணு எங்க மாப்ளதான்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அந்தக் குரல் ஓர் ஒலி லைப்ரரியை நம்பி ஓடியது. லைப்ரரி என்றால் பல மென்பொருள்கள் பொதுவில் பயன்படுத்தும் நிரல். சிதம்பரத்தில் இருந்தபடி அதைப் பொட்டலமாகக் கட்டி எல்லோருக்கும் அனுப்பும் தொண்டு என்னுடையது. நாலாம் பதிப்போடு ஒத்துப்போகாத ஐந்தாம் பதிப்பு வந்தால், பொட்டலத்தின் பெயரிலும் எண்ணை மாற்ற வேண்டும். அப்போதுதான் பழையது அழியாமல் புதியதன் பக்கத்திலேயே இருக்கும்; பழையதை நம்பும் குரலும் நிற்காமல் ஓடும். ஆனால் புதுப் பெயர் என்றால் பரிசீலனைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனக்கா பொறுமை? பழைய பெயரிலேயே புதியதைத் திணித்து அனுப்பினேன். யார் கேட்கப்போகிறார்கள் என்ற திமிர்.

மச்சானால் பள்ளியில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்க முடியுமா என்று, ஒரு வகுப்பை எடுக்கச் சொல்லித் தலைமையாசிரியர் பார்க்கிற நாள். காலையில் போன் வந்தது. "மாப்ள, நேத்து அப்டேட் போட்டேன். இப்ப பேசவே மாட்டேங்குது. பதினோரு மணிக்குக் கிளாஸு, இன்னா பண்றது?" கேட்டவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. வாயில் வந்ததோ வேறு.

"நீங்க எதையாவது அழுத்தியிருப்பீங்க மச்சான்."

அதை அப்படியே நம்பினார். பிள்ளைகள் முன்னால் நின்று, "எம்மேலதான் தப்பு சார், எதையோ அழுத்திட்டேன்" என்றாராம். வகுப்பு வேறொருவருக்குப் போனது. சீ, என்ன மனுஷன் நான்!

அன்றே பழைய பெயரில் நாலாம் பதிப்பைத் திரும்ப வைத்து, ஐந்தாவதற்குப் புதுப் பெயர் கேட்டேன். 'தவறு என்னுடையது' என்று பொட்டலத்தோடு எல்லோருக்கும் போகும் மாற்றக் குறிப்பில் எழுதினேன். முகம் தெரியாதவர்களிடம் ஒப்புக்கொள்வது எவ்வளவு சுலபம்! மறுநாள் கடலூர் போய்ச் சரிசெய்தபோது மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரிடம் சொல்லவில்லை. அவர் வீட்டு மீன்குழம்பை வெட்கமில்லாமல் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

போன வாரம் போயிருந்தேன். ஹெட்போனில் இன்னொரு சுற்று டேப் ஏறியிருந்தது. முன்பு படபடவென்று தட்டுகிறவர், இப்போது ஒவ்வொரு விசையையும் தடவிப் பார்த்து அழுத்துகிறார். பாடம் ஒன்றை வாசிக்கவிட்டு என் பக்கம் திரும்பினார். "தப்பா எதையும் அழுத்தலியே மாப்ள?"

"இல்ல மச்சான்," என்றேன். "அன்னிக்கும் நீங்க அழுத்தல. நான்தான்."

அவர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஹெட்போனுக்குள் அந்தக் குரல் வாசித்துக்கொண்டே இருந்தது.