தகட்டில் நான் குத்திய எண்

பொய்த் தகடு குத்திக் கொடுத்தவன் நான்தான். இதை முதலிலேயே உங்களிடம் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் சொல்லாமலே நழுவிவிடுவேன்... என்னை எனக்குத் தெரியும்.

திண்டுக்கல்லில் பூட்டுகளிலும் தகடுகளிலும் எண் குத்துவது என் தொழில். மூன்று ஆண்டுகளுக்கு முன் கடற்கரையிலிருந்து ஒருவர் பித்தளைத் தகடு ஒன்றோடு வந்தார். விசைப்படகு இயந்திரத்தின் தகடு. அரசு அனுமதித்ததைவிட அதில் குதிரைத்திறன் அதிகம்.

"இதே மாதிரி ஒண்ணு வேணும்ணே. எண்ணை மட்டும் கொறச்சுக் குத்துங்க."

எதற்கென்று எனக்குத் தெரியாதா? அத்தனை சக்தி இருந்தால் கரையோரக் கடலை மீன்குஞ்சுகூட மிஞ்சாமல் வழித்தெடுத்துவிடலாம். அதைத் தடுக்கத்தான் அந்த வரம்பே இருக்கிறது. ஆனால் மலைக்கோட்டையைப் பார்த்தபடி பட்டறையில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கடல் எங்கோ இருந்தது... குத்தினேன். பிறகு வந்தவர்களுக்கும் குத்தினேன்.

என் தங்கை ஆரோக்கியமேரியை அந்தக் கரையில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அது நினைவுக்கு வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. வந்த பிறகும் குத்தினேன்!

அவள் கணவர் சவரிமுத்துவிடம் சிறிய நாட்டுப்படகு இருக்கிறது. சென்ற மாதம், மீன்பிடித் தடைக்காலத்தில், பெரிய படகுகளெல்லாம் கரையில் நின்ற சமயம், இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சாப்பிடும்போது அவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஒரு தகடு. அதிலிருந்த 4-க்குக் கால் மழுங்கியிருந்தது. என் உளியின் மழுங்கல்... நான் அறியாததா?

"இந்தத் தகடு உள்ள பெரிய போட்டு வந்தா எங்க வலைய அறுத்து விட்டுட்டு ஒதுங்கிருவோம், மச்சான். அம்புட்டு வேகமா வரும். ஆனா தகட்டுல அம்புட்டு சக்தி இல்லைன்னு மீன்வள ஆபீஸ்ல சொல்றாக. உங்களுக்குத் தெரியாத தகடா... இது நெசந்தானா?"

வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன், தெரியுமா?

"கம்பெனித் தகடுதான், மாப்பிள்ளை."

அவர் முகம் தெளிந்தது. "அப்ப நாங்கதான் வீணாப் பயந்திருக்கோம். இனி வலைய அறுக்க மாட்டேன். கொறஞ்ச சக்தின்னா சட்டுனு நிறுத்த முடியும்ல, எதுக்க நின்னா அவன் நிறுத்தித்தான ஆகணும்."

"அண்ணனே சொல்லிருச்சுல்ல" என்றாள் தங்கை.

தடைக்காலம் நேற்றோடு முடிந்தது. இன்று காலை தங்கையை அழைத்தேன்.

"விடியுமுன்னயே கெளம்பிட்டாருண்ணே. கரைக்குப் பக்கத்துலதான் இருப்பாரு, போன் போட்டா எடுப்பாரு. ஏதும் சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல. நீ சாப்டியா?"

அவ்வளவுதான் கேட்டேன். முன்பின் தெரியாத உங்களிடம் சொல்ல முடிகிறது. அவரிடம் சொன்னால் என் தங்கை இனி என்னை அண்ணன் என்று அழைப்பாளா? அந்த ஒரு பயத்துக்காக, நிற்காத ஒரு படகின் எதிரே ஒரு மனிதரை நிறுத்தியிருக்கிறேன்...

மணி பதினொன்று. பெரிய படகுகள் எல்லாம் இந்நேரம் கடலில் இருக்கும். கைப்பேசி மேசைமேல்தான் கிடக்கிறது. மாப்பிள்ளையின் எண் எனக்கு மனப்பாடம்.

இன்னும் அழைக்கவில்லை.