வல்லி என்று யார் கூப்பிடுவது

எழுபதுகளில் எங்கள் தெருவில் பிறந்த பெண் குழந்தைகளெல்லாம் லதா, இல்லாவிட்டால் கீதா. நாலு புத்தகம் படித்தவன் என்ற மிதப்பில், என் மகளுக்குப் பழைய காலத்துச் செல்லப்பெயர்தான் என்று நான் முடிவு செய்தேன். வல்லி. அதற்கு முன்னால் எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்: கனகவல்லி, மரகதவல்லி, கோமளவல்லி.

மறுநாள் பெயர் வைக்க வேண்டும். மண்ணூர்த் தாய்வீட்டிலிருந்து குழந்தையோடு வந்திருந்த மனைவியிடம், கனகவல்லி, கூப்பிட வல்லி என்று சொன்னேன்.

“நல்லாத்தான் கீது. ஆனா நான் எப்டிங்க கூப்புடறது?”

அப்போதுதான் உறைத்தது. என் அம்மா அமிர்தவல்லி. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ரேஷன் கடையில் கார்டு யார் பெயரில் என்று கேட்டால்கூட, பக்கத்தில் நிற்பவளைச் சொல்லவைத்துச் சர்க்கரை வாங்கி வருகிறவள் இவள். நானோ அம்மாவை அம்மா என்றே அறிந்தவன். அவளுக்கு ஒரு பெயர் இருப்பது என் கல்யாணப் பத்திரிகையோடு மறந்துபோயிருந்தது.

“இது கனகவல்லி. வேற பேருதானே?”

“நம்பர் பிளேட்ட மாத்திட்டா லாரி வேறயாயிடுமா? ஊரே வல்லின்னு கூப்புடும். பெத்தவ நான் மட்டும் ‘ஏய், இந்தா’ன்னுகினு கெடக்கணுமா?”

கிணற்றடிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். செருப்பைப் போட்டேன், கழற்றினேன், மறுபடி போட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை போய், கிளம்பிக்கொண்டிருந்த வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறிவிடலாமா என்று யோசித்துவிட்டுத் திரும்பினேன். பங்கஜம், பட்டு, குஞ்சம்மா... எதுவும் ஒட்டவில்லை. தொட்டிலில் எட்டிப் பார்த்தால், கிடந்தது வல்லிதான்.

காலையில் அம்மா குழந்தையின் காதில் மூன்று முறை ‘கனகவல்லி’ என்றாள். அடுத்து பெற்றவள் சொல்ல வேண்டும். மனைவி குனிந்தாள், அப்படியே நிமிர்ந்தாள். உறவு மொத்தமும் பார்த்தது. நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

“இன்னாம்மா யோசன? வல்லின்னு கூப்புடேன்,” என்றாள் அம்மா.

“உங்க பேராச்சே, அத்த...”

“அத யாரு கூப்புடறா? எங்கம்மா போனதோட அதுவும் போச்சு. உங்க மாமனாரு கடைசி வரைக்கும் ‘இந்தாமே’தான். சத்தமா சொல்லு, நானும் கேட்டுக்கறேன்.”

மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டு, “வல்லி” என்றாள்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. “ஆங்” என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில், “வல்லி, சொன்ன பேச்சு கேக்கறியா நீ?” என்ற மனைவியின் அதட்டல் அடிக்கடி கேட்கும். மகள் வாசலில் விளையாடிக்கொண்டிருப்பாள். அம்மா அடுப்படியில் இருப்பாள். அதட்டல் எந்தப் பக்கம் பார்த்துப் போகிறது என்று நான் எழுந்துபோய்ப் பார்த்ததே இல்லை.