பாவாடை நாடாவும் பாய்மரக் கயிறும்

"இது பாவாடை நாடா வாங்குற வேலை இல்லம்மா."

போன வருடம், ஐப்பசி மழை தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்னால், நான் வேலை செய்யும் படகுப் பட்டறையில் எங்கள் மேற்பார்வையாளர் என்னைப் பார்த்துச் சொன்னது இது. பட்டறை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கழிமுகத்தின் கரையில் இருக்கிறது. என் வீடு பீர்க்கன்கரணையில். தினமும் தாம்பரத்தில் பஸ் மாறிப் போவேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். அதோடு நிற்காமல் மெக்கானிக்கல் டிப்ளமோவும் படித்தேன். அப்பா சென்ட்ரிங் வேலை செய்கிறார். அம்மா அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. பட்டறையில் படகின் மேல் ஏறி வேலை செய்த ஒரே பெண்ணும் நான்தான். அப்போது என் பயிற்சிக் காலம் முடிகிற நேரம். அதன்பின் என்னைப் படகு வேலையிலேயே வைத்துக்கொள்வதா, ஆபீஸில் போன் எடுக்க உட்கார வைப்பதா என்பதை அந்த மேற்பார்வையாளர்தான் முடிவு செய்வார்.

அந்த வாரம் ஒரு பாய்மரப் படகில் பாய் சுருட்டும் கயிறு நைந்து போயிருந்தது. படகின் மூக்கில் ஓர் உருளை இருக்கும். பாயை விரித்தால் கயிறு அந்த உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும். காற்று அதிகமானால் கயிற்றை இழுக்க வேண்டும். உருளை சுழன்று பாய் சுருண்டுவிடும். அந்தக் கயிறு சரியில்லை என்றால் காற்று பலக்கும்போது பாயைச் சுருட்ட முடியாது. வழக்கமாகக் கயிறு வாங்கிவரும், நாங்கள் அண்ணா என்று கூப்பிடும் மூத்த மெக்கானிக்குக்கு அன்று எஞ்சின் வேலை இருந்தது. நான் வாங்கி வருகிறேன் என்றேன். அதற்குத்தான் அந்தப் பதில். பிறகு வேறு ஆள் இல்லாததால், "கட்டைவிரல் மொத்தத்துக்குப் பார்த்து வாங்கு. மொத்தமா இருந்தாதான் தாங்கும்" என்று சொல்லி அனுப்பினார்.

நான் கிளம்பும் முன் உருளையை அளந்தேன். பாய் முழுவதும் விரிந்திருக்கும்போது முழுக் கயிறும் அதற்குள் அடங்க வேண்டும். கட்டைவிரல் மொத்தக் கயிறு பாதி பாய் விரிவதற்குள்ளேயே உருளையை நிரப்பிவிடும். நைந்த கயிறு சுண்டுவிரலைவிட மெல்லியது. அந்தப் படகைக் கட்டியவர் யோசித்துத்தான் அதைப் போட்டிருப்பார்.

தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர், "மோட்டார் எறக்கவா, மாடு கட்டவா?" என்று கேட்டார்.

"பாய் சுருட்ட."

"பாய் சுருட்டவா? சணல் போதுமேம்மா."

சிரித்துவிட்டேன். படகு என்று விளக்கியதும் பளபளவென்று ஒரு நைலான் கயிற்றை எடுத்துப் போட்டார். அதன் முனையைக் கடை ஷட்டர் கொக்கியில் மாட்டி, உடம்பைச் சாய்த்து இழுத்துப் பார்த்தேன். ரப்பர் மாதிரி நீண்டது. நீளும் கயிறு காற்றில் பாயைப் பிடித்து வைக்காது. "இன்னாம்மா, கடையையே இழுத்துகினு போயிடுவ போலகீதே" என்றார் அவர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைசியில் கூடுவாஞ்சேரியில், பூமிக்கடியில் கேபிள் இழுப்பவர்களுக்குக் கயிறு விற்கும் ஒரு கடையில் கிடைத்தது. பாலியெஸ்டர், பின்னல் உறை போட்டது, பழைய கயிற்றின் அதே மொத்தம். இழுத்தால் நீளவே இல்லை.

மேற்பார்வையாளர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். உருளையில் இருக்கும் இடத்தைப் பற்றிச் சொன்னேன். "கணக்கெல்லாம் ஸ்கூலோட விட்டுடு. காத்துக்குக் கணக்குத் தெரியாது. நாளையிலேர்ந்து ஆபீஸ்ல உக்காரு" என்றார்.

வீட்டில் அம்மாவுக்கு இது நல்ல செய்தியாக இருந்தது. "ஃபேனுக்குக் கீழ உக்கார்ற வேலைய யாராவது வேணான்னு சொல்லுவாங்களாடி?"

"ஃபேன் நம்ம வூட்லயே கீதும்மா" என்றேன். அம்மா கோபமாக அடுப்படிக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஆபீஸ் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படகில் கயிறு மேல்தளத்துக்குள் புதைத்த ஒரு குழாய் வழியாகப் போகும். மேற்பார்வையாளர் பழைய கயிற்றை ஒரே இழுப்பில் உருவிப் போட்டார். பிறகு அவரே வாங்கி வந்த கட்டைவிரல் மொத்தக் கயிற்றைக் குழாய்க்குள் நுழைக்க, அவரும் அண்ணாவும் கம்பியை விட்டுக் குத்திக்கொண்டு காலை முழுவதும் மல்லுக்கட்டினார்கள். எந்தப் பெண்ணும் அந்தத் தவற்றைச் செய்யமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியத்துக்கு மேல் படகை ஓட்டிப் பார்க்க ஓர் ஆள் குறைந்தது. "லைஃப் ஜாக்கெட் போட்டுகினு வா தங்கச்சி" என்று அண்ணா குரல் கொடுத்தார். மேற்பார்வையாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் தடுக்கவில்லை. நான் வாங்கிய கயிற்றையும் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன்.

கழிமுகத்தின் நடுவே போனதும் பாயை விரித்தார்கள். பாதி தாண்டியதும் நின்றுவிட்டது. மேற்பார்வையாளர் பாயைப் பிடித்து இழுக்கச் சொன்னார். இழுத்தோம். உருளை நிரம்பி வழிந்து, கயிறு விளிம்பைத் தாண்டி அடியில் இறங்கி மாட்டிக்கொண்டது. இப்போது பாய் விரியவும் இல்லை, சுருளவும் இல்லை. கடல் காற்று பலத்தது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்து மணல்திட்டை நோக்கி நகர்ந்தது. எஞ்சினைப் போட்டும் மூக்கு திரும்பவில்லை.

என்னை யாரும் போகச் சொல்லவில்லை. நானே தவழ்ந்து மூக்குப் பக்கம் போய்க் குப்புறப் படுத்தேன். அலை முகத்தில் அடித்தது. எனக்கு அப்போது நீச்சலும் தெரியாது. பின்னாலிருந்து மேற்பார்வையாளர், "கத்தியால அறுத்து விடு" என்று கத்தினார்.

அறுத்தால் பாய் முழுவதும் விரிந்துவிடும், அதைச் சுருட்டக் கயிறே இருக்காது.

"அறுக்க மாட்டேன் சார்" என்றேன். அவரிடம் நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் முறை. அண்ணாவிடம் பாயைப் பிடித்திருக்கும் கயிற்றைத் தளர்த்தச் சொன்னேன். அவர் தளர்த்தினார். பாய் படபடவென்று அடித்தாலும் உருளையில் இருந்த இறுக்கம் போய்விட்டது. அடியில் மாட்டியிருந்த சுற்றுகளை விரலால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். நகம் பிய்ந்தது. கடைசிச் சுற்று வந்ததும், "இழுங்கண்ணா" என்றேன். உருளை சுழன்றது. பாய் சுருண்டது. மணல்திட்டு கல்லெறியும் தூரத்தில் இருந்தது.

கரைக்கு வந்ததும் மேற்பார்வையாளர் அந்த மொத்தக் கயிற்றைக் குழாயிலிருந்து உருவப் போனார்.

"உருவாதீங்க சார்" என்றேன்.

ஊசி நூல் எடுத்து, என் கயிற்றின் நுனியை அந்தக் கயிற்றின் நுனியோடு சேர்த்துத் தைத்தேன். மேலே டேப்பைச் சுற்றினேன். பிறகு அந்த மொத்தக் கயிற்றை இழுத்தேன். அது வெளியே வர வர, பின்னாலேயே புதுக்கயிறு குழாய்க்குள் ஓடி வந்தது. காலை முழுவதும் அவர்கள் பட்ட பாடு ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

அண்ணா வாயைப் பிளந்தார். "எங்க வூட்ல பாவாடைக்கு நாடா கோக்குற மாதிரியே கீதே."

"அதேதாண்ணா" என்றேன். பிறகு மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினேன். "நீங்க சொன்னது தப்பு சார். இது பாவாடை நாடா வாங்குற வேலையேதான். மொத்தமா இருந்தா மடிப்புக்குள்ள ஓடாது. நீண்டுகிட்டே போனா இடுப்புல நிக்காது. பழசை உருவுறதுக்கு முன்னாடி புதுசை அதோட சேர்க்கணும். இது எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். உருளைக் கணக்கைத்தான் நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

மறுபடி பாயை விரித்துப் பார்த்தோம். முழுவதும் விரிந்தது. முழுக் கயிறும் சுற்றிய பிறகும் உருளையில் இடம் மிச்சம் இருந்தது. மேற்பார்வையாளர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "நாளைக்குப் படகு வேலைக்கு வந்துடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் போனேன். இன்றுவரை அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்காரவில்லை. அம்மாவுக்குக் கோபம் தீரச் சில வாரம் ஆனது. இப்போது பக்கத்து வீட்டில், "எம்பொண்ணு படகு ரிப்பேர் பண்ணுது" என்று சொல்வது என் காதில் விழுகிறது.

என்னை மட்டம் தட்ட ஒருவர் எடுத்த வார்த்தையிலேயே என் கைக்குத் தெரிந்த வேலை இருந்தது. அதனால் இப்போதெல்லாம் யாராவது அப்படிப் பேசினால் நான் தலை குனிவதில்லை. அவர்கள் எதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கவனித்துக் கேட்கிறேன்.

கீழ்க்கட்டளையில் நீச்சல் கற்றுக்கொண்டேன். போன மாதம் பாய்மரப் படகு ஓட்டும் பயிற்சியில் சேர்ந்தேன். முதல் நாள் அங்கிருந்த ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஸ்கூட்டியாவது ஓட்டத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். நான் சுக்கானைக் கையில் வாங்கிக்கொண்டேன்.